பிக்கரிங் வாசலில் ஒரு கிரேக்க மாதுளை

நாலு புராணக் கதை தெரிந்துவிட்டால் போதும், உலகத்தில் தனக்கு விளங்காதது எதுவுமே இல்லை என்று மனிதனுக்குத் தோன்றிவிடும். அது ஒருவகைக் காய்ச்சல். எனக்கு அது தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், ரொறன்ரோவின் டான்ஃபோர்த் தெருவில் பிடித்தது.

அப்போது நான் கோஸ்தா என்ற கிரேக்கரின் நினைவுப்பொருள் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சுவர் முழுக்க நீலக் கண்ணாடிக் கண்கள் தொங்கும். தட்டுகளில் ஆந்தைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். பாம்புத் தலைமயிரோடு ஒரு பெண் முகம் வாசலைப் பார்த்து முறைக்கும். கறுப்பு ஜாடிகளில் உடுப்பில்லாத வீரர்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். (முதல் கிழமை அந்த ஜாடிகளைத் தூசி தட்டும்போது நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டுதான் தட்டினேன்.) முதல் நாளே கோஸ்தா எனக்கு ஒரு பாடம் எடுத்தார்.

“இங்கே பொருள் விற்காதே, நண்பா. கதையை விற்றுவிடு. பொருள் அதன் பின்னால் தானாகப் போகும்.”

அவர் கதை சொல்லத் தொடங்கினால் நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்பேன். தெய்வங்களைப் பற்றிப் பேசும்போது ஏதோ தன்னுடைய மாமன் மச்சான் வீட்டுச் சண்டையைச் சொல்வதுபோலச் சொல்வார். தகப்பனின் தலையைப் பிளந்துகொண்டு முழு ஆயுதத்தோடு பிறந்த பெண் தெய்வத்துக்கு வாகனம்போலக் கூடவே திரிவதுதான் இந்த ஆந்தை. பாம்புத் தலைக்காரியை யார் பார்த்தாலும் கல்லாகிவிடுவார்கள். அவளுடைய தலையை வெட்டிய பிறகும் அந்த முகத்தின் சக்தி போகவில்லை, அதனால் கெட்டதை விரட்ட அதையே வாசலில் மாட்டினார்கள். எங்கள் ஊரில் கட்டி முடியாத வீட்டின் முன்னால் தொங்கும் பூதமுகம் என் கண்ணுக்குள் வந்து நின்றது. நாலாயிரம் மைல் தள்ளியிருந்த இரண்டு சனங்கள், ஒருவரையொருவர் கேட்காமலே, வாசலுக்கு ஒரு பயங்கர முகம் வேண்டும் என்று முடிவெடுத்திருக்கிறார்கள்! எனக்குப் புல்லரித்தது.

ஆனால் என்னை முழுதாக வீழ்த்தியது மாதுளைதான். என் முதல் குளிர்காலம். ஹீற்றருக்குப் பக்கத்தில் நின்றபடி கோஸ்தா ஒரு மாதுளம்பழத்தைப் பிளந்தார். தானியத் தெய்வத்தின் மகளைப் பாதாளத்து அரசன் தூக்கிக்கொண்டு போனானாம். தாய் அழுது அலைந்து, பூமியில் ஒரு புல்லும் முளைக்கவிடாமல் செய்துவிட்டாள். கடைசியில் மகளை விடச் சம்மதித்தார்கள். ஆனால் அவள் அங்கே சில மாதுளை முத்துகளைத் தின்றுவிட்டாள். பாதாளத்தில் ஒன்றைத் தின்றவர் திரும்பவும் அங்கே போகத்தான் வேண்டும். அவள் போயிருக்கும் மாதங்களில்தான் உலகத்துக்குக் குளிர்காலம்.

நான் கண்ணாடிக்கு வெளியே பார்த்தேன். டான்ஃபோர்த் தெரு முழுக்கப் பனி. வாயில் நாலு முத்து. விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் நின்றேன்.

அந்த வருடப் பிறப்பன்று கோஸ்தா கடை வாசலில் ஒரு முழு மாதுளம்பழத்தை ஓங்கி அடித்து உடைத்தார். சிவப்பு முத்துகள் வெள்ளைப் பனியில் தெறித்து ஓடின. எவ்வளவு தூரம் சிதறுகிறதோ அவ்வளவு அதிர்ஷ்டமாம். “சிதறுதேங்காய்!” என்று நான் தமிழிலேயே கத்திவிட்டேன். அன்றிலிருந்து கிரேக்கமும் யாழ்ப்பாணமும் ஒன்றுதான் என்பது என்னுடைய கண்டுபிடிப்பாயிற்று. நீலக்கண் என்றால் நாவூறு, கண் திருஷ்டி. பாதாளத்து அரசன் என்றால் எமன். மாதுளை என்றால் தேங்காய். கேட்க ஒரு ஆள் கிடைத்தால் போதும், பஸ்ஸுக்கு நிற்கும் இடத்திலேயே விரிவுரை தொடங்கிவிடும்.

நான் தங்கியிருந்தது ஸ்காபரோவில், அக்காவும் அத்தானும் இருந்த அப்பார்ட்மென்ரில். அக்காவிடம் என் ஆராய்ச்சி எடுபடவில்லை. ஒருநாள் ஆசையாக ஒரு பீங்கான் ஆந்தையைக் கொண்டுபோனேன்.

“உந்த ஆந்தை வீட்டுக்க வந்தா நீயும் அதோட வெளியிலதான்” என்றாள்.

“அக்கா, உது அறிவின்ர அடையாளம்.”

“அறிவு வேணுமெண்டா புத்தகத்தை எடுத்துப் படி. ஆந்தை வேண்டாம்.”

ஆந்தை மறுநாளே கடைக்குத் திரும்பியது.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கலியாணமாகிப் பல வருடங்களாகியும் அவளுக்குப் பிள்ளை இல்லை. வைத்தியரிடம் போகாத மாதமில்லை. அத்தானின் தாயார், நான் மாமி என்று கூப்பிடுபவர், அதற்கு முந்தின வருடம்தான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்திருந்தார். மாமி கெட்டவர் இல்லை. ஒரு சுடுசொல் சொன்னதில்லை. ஆனால் அத்தான் பிக்கரிங்கில் புது வீடு வாங்கியதும், பார்க்க வந்த ஆட்களிடமெல்லாம் ஒரே வசனத்தைத்தான் சொன்னார்: “வீடு பெரிசுதான். ஓடித் திரியத்தான் ஆளில்லை.” அந்த நேரங்களில் அக்கா குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிடுவாள். தண்ணீர்ச் சத்தத்தில் வேறொன்றும் கேட்காது.

புது வீட்டுக்குக் குடிபோகும் குடிபூரலுக்கு நாள் குறித்ததும் அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

“தம்பி, இந்த வீட்டிலயாவது எல்லாம் நல்லா நடக்கோணும். ஒரு குறையும் வரக்கூடாது. நீற்றுப்பூசணிக்காய் உன்ர பொறுப்பு. மறந்திடாத.”

அவள் குரலில் கெஞ்சல் இருந்தது. அக்கா என்னிடம் கெஞ்சி நான் அதற்கு முன் கேட்டதில்லை. தலையை ஆட்டினேன்.

பூசை முடிந்தபின் வாசலில் கற்பூரம் ஏற்றிச் சுற்றி உடைக்கும் காய் அது. ஸ்காபரோவில் சீனக் கடைகளில் தாராளமாகக் கிடைக்கும். தாராளமாகக் கிடைக்கும் என்ற தைரியத்தில் கடைசி நாள் பின்னேரம்வரை நான் அந்தப் பக்கம் போகவில்லை. போனபோது காய் இருந்தது, ஆனால் துண்டு துண்டாக வெட்டி, பிளாஸ்ரிக் சுற்றி, ஒட்டுத்தாள் ஒட்டி வைத்திருந்தார்கள். முழுக்காய் இல்லையா என்று கைகளால் உருண்டை காட்டிக் கேட்டேன். கடைக்காரப் பெண் “ரூமாறோ” என்றாள், நாளைக்குத்தான் வருமாம். எங்கள் சுபநேரம் மறுநாள் விடியக் காலை. இருந்ததில் பெரிய துண்டைத் தெரிந்தெடுத்தேன். ஏற்கெனவே வெட்டிய காயை எப்படி உடைப்பது என்ற கேள்வி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எனக்கு வந்தது.

அந்த நேரத்தில் என் மடியில் ஒரு பெட்டியும் இருந்தது. அன்று கடையால் வெளிக்கிடும்போது கோஸ்தா தந்தது. “எலெனி தந்தாள். உன் அக்காவின் வீட்டுக்கு” என்றார். எலெனி அவருடைய மனைவி. கிழமைக்கொரு தரம் கடைக்கு வந்து கண்ணாடி அலமாரியை அலங்கரிப்பார். “நாளை ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போய்விட்டு வர எங்களுக்குப் பிந்தும். இதை நீ முதலே கொண்டு போ. புது வீட்டுக்கு மாதுளை இல்லாமல் ஆகாது.”

அதை வைத்து என்ன செய்ய வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. கிரேக்கருக்கு அது சொல்லித் தெரியவேண்டிய விஷயமில்லை. நானும் கேட்கவில்லை. ஆராய்ச்சியாளர்கள் கேட்பதில்லை.

பெட்டியை பஸ்ஸிலேயே திறந்து பார்த்தேன். தேங்காயளவு மாதுளம்பழம். இரத்தச் சிவப்பு, பளபளவென்ற பூச்சு, உச்சியில் விரிந்த சின்னக் கிரீடம். நல்ல கனம். களிமண்ணில் செய்து உள்ளே ஏதோ நிரப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். பிறகு அந்தக் கிரீடத்தை உற்றுப் பார்த்தேன். நடுவில் ஒரு குழி. ஒரு கற்பூரக் கட்டி வைப்பதற்கு அளவெடுத்துச் செய்ததுபோல ஒரு குழி! பஸ்ஸில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. முழுப்பூசணி கிடைக்காத நேரத்தில், கிரேக்கம் எனக்குக் கைகொடுத்திருக்கிறது.

மறுநாள் மார்ச் மாதத்துக் காலை, வாசலில் இன்னும் பனி கிடந்தது. ஐயர் வேட்டிக்கு மேல் குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு வந்திறங்கினார். அத்தான் முதல் வேலையாக வீட்டிலிருந்த புகை மணிகளின் பற்றரிகளையெல்லாம் கழற்றி வைத்தார். பூசை எந்தக் குறையுமில்லாமல் நீண்ட நேரம் நடந்தது. அக்கா புதுப் பானையில் பால் வைத்துவிட்டு, அது எந்தப் பக்கம் பொங்கி வழிகிறது என்று பார்க்க அடுப்படியில் நின்றாள். கிழக்கே வழிந்தால் விசேஷம். வாசலிலிருந்து நேரே பார்த்தால் கூடம், கூடத்தின் முடிவில் அடுப்படி, அங்கே மஞ்சள் சேலையில் அக்கா.

“பூசணிக்காயைக் கொண்டு வாங்கோ தம்பி” என்றார் ஐயர்.

நான் பிளாஸ்ரிக் சுற்றிய துண்டை நீட்டினேன். ஐயர் அதை வாங்கவில்லை. அதில் ஒட்டியிருந்த தாளை மட்டும் கொஞ்ச நேரம் வாசித்தார்.

“உது என்னடா துண்டு?” அத்தானுக்கு முகம் கறுத்துவிட்டது. “முழுக்காய் எங்க?”

“அத்தான், பொறுங்கோ. அதைவிட நல்ல சாமான் ஒண்டு இருக்கு.”

மாதுளையை வெளியே எடுத்தேன். பிறகு (இதை நினைத்தால் இன்றைக்கும் கழுத்து சூடாகிறது) சொந்தக்காரர் எல்லாரும் குளிரில் நிற்க, வாசற்படியில் ஏறி நின்று ஒரு உரை ஆற்றினேன். உலகின் இரண்டு ஆதி நாகரிகங்கள், வாசல் காப்பு, பாம்புத்தலை முகம், பாதாளம், சிதறுதேங்காய் எல்லாம் அதில் வந்தன. கடைசியில் கிரீடத்துக் குழியைக் காட்டி, “இது கற்பூரம் வைக்கிற இடம்” என்று முடித்தேன். ஒரு பெரியவர் உண்மையாகவே கைதட்டினார்.

ஐயர் தாடையைத் தடவினார். “மாதுளை அம்பாளுக்கு உகந்ததுதான். ஆனா உடைச்சு நான் பார்க்கேல்லை.”

“சரி சரி, நேரம் போகுது. ஏதோ ஒண்டை உடையுங்கோ” என்றார் அத்தான்.

கற்பூரம் அந்தக் குழிக்குள் அச்சொட்டாகப் பொருந்தியது. கொளுத்தி, வீட்டுக்கு மூன்று முறை சுற்றிக்காட்டி, நெருப்பணைந்ததும் மாதுளையைச் சீமெந்துப் படியில் அடித்தேன்.

டங் என்றொரு சத்தம். மாதுளை துள்ளி எழும்பி, புல்வெளிப் பனிக்குள் போய்ப் புதைந்தது.

“என்னடா தம்பி, கோயில் மணி மாதிரிக் கேக்குது?” என்று உள்ளேயிருந்து மாமி கேட்டார்.

தோண்டி எடுத்தேன். ஒரு கீறலில்லை. இம்முறை இரண்டு கைகளாலும் தலைக்கு மேல் தூக்கி அடித்தேன். படியின் விளிம்பு பெயர்ந்தது. மாதுளையில் ஒரு பொட்டளவு சிவப்புப் பூச்சு மட்டும் போய், அடியில் மஞ்சளாக ஏதோ மினுங்கியது. அது களிமண்ணில்லை, வெண்கலம் என்று அந்தக் கணத்தில் யாருக்கும் விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. கைதட்டிய பெரியவர் இப்போது இரண்டடி பின்னால் போய் நின்றார்.

“விடு மச்சான், காணும்” என்றார் அத்தான்.

விடுவேனா? பாதி உடைப்பில் நிறுத்தினால் வீட்டுக்குக் கூடாது. அக்கா சொல்லியிருக்கிறாள், ஒரு குறையும் வரக்கூடாது. கதவுக்கு முதுகைக் காட்டி நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு, வலது கையை முதுகுக்குப் பின்னால் எவ்வளவு கொண்டுபோக முடியுமோ அவ்வளவு கொண்டுபோனேன். சரியாக அந்த நேரத்தில் தெருவில் ஒரு கார் வந்து நின்றது. கதவு திறந்தது. எலெனி இறங்கினார், என் கையைப் பார்த்தார், வீறிட்டார்.

அது கிரேக்க மொழி. அர்த்தம் தெரியாது. ஆனால் என் விரல்கள் தாமாக விரிந்துவிட்டன.

குளிரில் விறைத்து, நெய்யும் குங்குமமும் பூசியிருந்த கையிலிருந்து மாதுளை முன்னால் போகாமல் பின்னால் போனது. அத்தான் ஆசைப்பட்டுப் போட்டிருந்த கண்ணாடிக் கதவு அப்படியே கொட்டுண்டது. மாதுளை கூடத்தில் விழுந்து, புது மரத்தரையில் கடகடவென்று உருண்டு, கும்பத்தை ஒரு மயிரிழையில் தப்பி, அடுப்படிக்குள் போய் அக்காவின் காலடியில் நின்றது. அக்கா திரும்பிப் பார்த்தாள். அவள் திரும்பிய அதே நேரத்தில் அவளுக்குப் பின்னால் பால் பொங்கி வழிந்தது.

எலெனி என்னைத் தள்ளிவிட்டு, காலணியைக் கழற்றாமலே உள்ளே போனார். (“சப்பாத்து, சப்பாத்து!” என்று ஐயர் பின்னால் கத்தினார்.) அடுப்படியில் குனிந்து மாதுளையை எடுத்து, உச்சியிலிருந்த கற்பூரக் கரியைத் தன் நல்ல உடுப்பின் கையால் துடைத்தார். பிறகு அக்காவைப் பார்த்து ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினார். மாமிக்காகவும் ஐயருக்காகவும் நான் மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று. என் வாழ்க்கையில் அதைவிடக் கேடுகெட்ட வேலை நான் செய்ததில்லை.

“இது கடைச் சாமான் இல்லை எண்டு சொல்லுறா” என்றேன். “கலியாணம் கட்டிப் புது வீட்டுக்குப் போகேக்க இவவின்ர தாய் கையில குடுத்து விட்டதாம். வருசப் பிறப்புக்கு உடைக்கிறது தோட்டத்துப் பழமாம். வீட்டுக்கு வாற மாதுளையை... உடைக்கிறேல்லையாம். சாமிப் படத்துக்குக் கீழ வைக்கிறதாம்.”

எலெனி தொடர்ந்து பேசினார். நான் நிறுத்திவிட்டேன்.

“என்னவாம்?” என்றார் மாமி.

“ஒண்டுமில்லை. வீடு வடிவாம்.”

“நீ மொழிபெயர்க்க வேண்டாம்” என்றாள் அக்கா. “எனக்கு விளங்கினது.”

பிறகு அவளே, என்னைப் பார்க்காமல், மாமியிடம் சொன்னாள்: “இதுக்குள்ள இருக்கிற ஒவ்வொரு முத்தும் ஒரு பிள்ளையாம் மாமி. இவவுக்கும் கனகாலம் பிள்ளை இல்லையாம். இதை வைச்சுக் கும்பிட்டு மூண்டு பொடியன்கள் பிறந்தவையாம். எனக்குப் பிள்ளை இல்லையெண்டு தம்பி கடையில சொன்னவனாம். அதுதான் தன்ரயை எனக்குத் தந்து விட்டவவாம்.”

நிலம் பிளந்து என்னைப் பாதாளத்துக்கு இழுத்துக்கொண்டு போயிருந்தால் நான் மறுப்புச் சொல்லியிருக்க மாட்டேன். அக்காவின் வீட்டு விஷயத்தை ஊருக்குச் சொன்னவன் நான். அதற்கு மருந்தாக வந்ததைக் குளிரில் வைத்து மூன்று முறை உடைக்கப் பார்த்தவனும் நான். ஐயர் தன் குளிர்ச்சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டத் தொடங்கினார்.

அப்போதுதான் நான் ஒருபோதும் எதிர்பாராத ஒன்று நடந்தது. எலெனி மாதுளையை அக்காவின் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, “ஃப்து, ஃப்து, ஃப்து” என்று மூன்று தரம் பொய்யாகத் துப்பினார். மாமியின் கண்கள் விரிந்தன. எழும்பி வந்தார். பக்கத்தில் நின்று, அக்காவின் முகத்தை ஒரு கையால் வழித்து, “தூ, தூ, தூ” என்று தானும் துப்பினார். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மாமிக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் தெரியாது. எலெனிக்குத் தமிழ் தெரியாது. மாமி எலெனியின் கையைப் பிடித்துக் கதிரையில் இருத்தி, “இவை எங்கட ஆக்கள்தான்” என்று எல்லாருக்கும் அறிவித்தார்.

ஒரு வருடமாக நான் நூறு ஒற்றுமைகளைக் கண்டுபிடித்துத் திரிந்தேன். இருந்த ஒற்றுமை அதுதான், அது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. கதவு உடைந்து குளிர் காற்று வீட்டுக்குள் வீசிக்கொண்டிருந்தது. நான் அந்தக் காற்றில் நின்று மெய்மறந்து பார்த்தேன்.

அக்கா மாதுளையை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு அழுதாள். இம்முறை குழாயைத் திறக்கவில்லை. எல்லார் முன்னாலும் அழுதாள்.

“பால் எந்தப் பக்கம் வழிஞ்சது?” என்று ஐயர் திடீரென்று நினைவு வந்து கேட்டார். ஒருவரும் பார்க்கவில்லை. அடுப்பு முழுக்கப் பால்.

“கிழக்காலதான்” என்றார் மாமி. அவர் அந்த நேரம் அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தவர். ஆனால் அவர் சொன்ன விதத்தில் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை.

வெளியே கோஸ்தாவும் அத்தானும் கண்ணாடி போன கதவுக்கு அட்டைப்பெட்டியை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். கோஸ்தா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“உன்னைக் கதை விற்கச் சொன்னேன்” என்றார். “கதை கட்டச் சொல்லவில்லை.”

வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். போகவில்லை. ஆனால் அதன்பிறகு மாதுளை வாங்க வருபவர்களுக்குக் கோஸ்தாவே நேரில் வந்து விளக்கம் சொன்னார். நான் பொதி சுற்றிக் கொடுத்தேன்.

மாதுளை அக்காவின் சாமி அறையில், அம்பாள் படத்துக்குக் கீழே இடம் பிடித்தது. உச்சியில் கரி, இடுப்பில் என் கைவண்ணத்தால் வந்த மஞ்சள் பொட்டு. வெள்ளிக்கிழமைகளில் அக்கா அதற்கும் ஒரு பூ வைத்தாள். அடுத்த குளிர்காலம் முடியமுன் அவளுக்கு ஒரு பெண் பிள்ளை பிறந்தது. வைத்தியர் அது தன்னுடைய மருந்து என்றார். மாமி தன்னுடைய விரதம் என்றார். எலெனி பிள்ளையை வாங்கி மூன்று தரம் துப்பினார். யார் சொன்னது சரி என்று எனக்குத் தெரியாது. அந்தப் பிள்ளையை முதன்முதல் வாங்க நான் கையை நீட்டினேன். “ரெண்டு கையாலயும் பிடி” என்றாள் அக்கா.

எங்கள் குடும்பத்தில் அதன்பிறகு எந்த நல்ல காரியத்திலும் உருண்டையான எதையும் என் கையில் கொடுப்பதில்லை. தேங்காய், எலுமிச்சம்பழம், லட்டு எதுவானாலும் வேறு ஒருவரிடம்தான் போகும். அத்தானுக்கு இன்றைக்கும் நான் வாசற்பக்கம் போனால் கண் கதவில்தான் இருக்கும்.

அக்காவின் மகள் இப்போது வளர்ந்து விட்பியில் தனியாக வீடு வாங்கியிருக்கிறாள். மாதுளை அவளோடு போய்விட்டது. என்னை யாருக்காவது அறிமுகப்படுத்த வேண்டி வந்தால், பெயர் சொல்லுமுன் அவள் சொல்வது இதைத்தான்:

“இவர்தான் என்ர மாமா. நான் பிறக்க முன்னமே, லிட்டரலி, என்னை மூண்டு தரம் அடிச்சு உடைக்கப் பார்த்தவர். நான் உடையேல்லை.”